அடுத்த ஜூலியா: குதிரைத்திறனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

கேள்வி, ஜனவரி 11

ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவின் புதிய தலைமுறை தள்ளிக்கொண்டே போகிறது. என் கணக்கு எளிது. 700 குதிரைத்திறன் கொடுத்து, பெரிய திரை ஒன்றை வைத்துவிட்டால் ஜெர்மன் செடான்களை ஒரே வீச்சில் முந்திவிடலாம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் போதும். சரிதானே?

ஜனவரி 11, இரவு 9:20

சரியில்லை. ஜூலியாவின் உச்ச மாடலான குவாட்ரிஃபோல்யோ வந்த நாளிலேயே 2.9 லிட்டர் வி6, 510 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர், மணிக்கு 307 கி.மீ. வேகம் போதவில்லை என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. 200 குதிரைத்திறன் 2.0 லிட்டர் ஜூலியாவையும் அதே ஆசையோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசைக்குக் காரணம் முன் அச்சு.

ஸ்டியரிங் விகிதம் 11.8:1. கையில் 12 டிகிரி திருப்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பிவிடும். சாதாரண செடான்களில் இது 14, 15 என்று இருக்கும். முன் சஸ்பென்ஷன் இரட்டை விஷ்போன், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. கீழ்க்கை ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு தனிக் கம்பிகளாகப் பிரிந்திருப்பதால், சக்கரம் திரும்பும் அச்சு கீழ்ப்பக்கம் எந்த மூட்டின் வழியாகவும் போகாது. டயரின் நடுக்கோட்டை ஒட்டிக் கற்பனைக் கோடாக நிற்கும். ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினாலும், வளைவில் பிரேக் அழுத்தினாலும் ஸ்டியரிங் கையைப் பிடுங்காததற்கு இதுதான் காரணம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் முன்னால் மேல்கை இல்லாத ஸ்ட்ரட் வைத்தே ஓட்டுகிறது. நன்றாகவும் ஓட்டுகிறது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, கட்டுப்படுத்த விஷ்போனில் கிடைக்கும் இடம் ஸ்ட்ரட்டில் கிடையாது.

செலவைக் குறைக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்தால் முதலில் கை வைப்பது இங்கேதான். விளம்பரப் படத்தில் தெரியாத பாகம் அல்லவா.

ஜனவரி 11, இரவு 10:05

தொடக்கூடாதவை இன்னும் சில. இஞ்சின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் கார்பன் ஃபைபர் புரொபெல்லர் ஷாஃப்ட், அலுமினிய கதவுகள், அலுமினிய முன் மட்கார்டுகள், அலுமினிய சஸ்பென்ஷன், 50:50 எடைப் பங்கீடு. குவாட்ரிஃபோல்யோவுக்கு 1,524 கிலோ என்று அறிவித்தது உலர் எடை. எண்ணெய், கூலன்ட், பெட்ரோல் ஊற்றித் தராசில் ஏற்றினால் 1,600ஐத் தாண்டும். ஒப்பிடும்போது இரண்டையும் கலக்காதீர்கள். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் பாதிச் சண்டை இதனால்தான்.

ஜனவரி 12

நம்பர் பிளேட்டை ஓரத்திலேயே வைக்க வேண்டுமா, நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமா என்று இதற்குள் நான்கு பேர் எழுதிவிட்டார்கள். முன் அச்சைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. நல்ல அறிகுறி.

ஜனவரி 14

இப்போது கவலைக்குரிய பகுதி. இன்றைய ஜூலியா நிற்பது ஜார்ஜியோ என்ற அடித்தளத்தில். 2015 ஜூனில் காட்டினார்கள், 2016இல் காஸினோ ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த காருக்குத் திட்டமிட்டது ஆல்ஃபாவின் தாய் நிறுவனமான ஸ்டெல்லான்டிஸ் குழுமத்தின் எஸ்.டி.எல்.ஏ லார்ஜ் அடித்தளம். முதலில் மின்சாரம் மட்டும் என்றார்கள். பிறகு மனம் மாறி, எரிபொருள் இஞ்சினுக்கும் இடம் வைக்க வேண்டும் என்று வேலையைத் தள்ளிப்போட்டார்கள். இன்றைய ஜூலியாவின் ஆயுளை 2027 வரை நீட்டியது இதனால்தான்.

எஸ்.டி.எல்.ஏ லார்ஜுக்கு அறிவித்த எல்லைகளைப் பாருங்கள். நீளம் 4,764 முதல் 5,126 மி.மீ. அகலம் 1,897 முதல் 2,030. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரமான வீல்பேஸ் 2,870 முதல் 3,075. இன்றைய ஜூலியா 4,643 நீளம், 1,860 அகலம், 2,820 வீல்பேஸ். அதாவது அந்த அடித்தளத்தின் மிகச் சிறிய காரே ஜூலியாவைவிட 121 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம். வீல்பேஸில் 50 மி.மீ. கூடுகிறது. அந்த 50 மி.மீ. போதும், மூக்கு திரும்பும் துடிப்பைக் கொன்றுவிட.

ஜனவரி 14, இரவு 11:30

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். பதறி எழுதிவிட்டேன், கணக்குப் போடவில்லை.

மெதுவான வேகத்தில் ஒரே ஸ்டியரிங் கோணத்துக்குக் கார் வரையும் வட்டத்தின் ஆரம் வீல்பேஸுக்கு நேர் விகிதம். 2,870ஐ 2,820ஆல் வகுத்தால் 1.018. வித்தியாசம் 1.8 சதவீதம். அதை ஈடுகட்ட விகிதத்தை 11.8இலிருந்து 11.6க்குக் கொண்டுவந்தால் முடிந்தது. பின் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பெல்லாம் இதற்காகத் தேவையில்லை. அது சேர்க்கும் எடைக்கும் மூட்டுகளுக்கும் பதில் சொல்வதைவிட இது மேல்.

துடிப்பைக் கொல்வது எடையும், அந்த எடை நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதும். கார் தன் அச்சில் சுழலத் தயங்கும் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். முன் பம்பருக்கு அருகே 20 கிலோ சேர்ப்பதும், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் 20 கிலோ சேர்ப்பதும் தராசுக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்றல்ல. ஆகவே 121 மி.மீ. நீளம் எங்கே கூடுகிறது என்று பார்க்க வேண்டும். சக்கரங்களுக்கு வெளியே, முன்னாலும் பின்னாலும் துருத்திக்கொண்டு கூடினால்தான் கவலை.

ஜனவரி 16

எடை என்றதும் ஆல்ஃபாவின் பழைய செடான் 159ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அதற்கு முந்தைய 156 ஒரு சின்ன, சுறுசுறுப்பான கார். முன்னால் இரட்டை விஷ்போன், வேகமான ஸ்டியரிங், 1998இன் ஐரோப்பிய ஆண்டுக் கார் விருது. அதற்குப் பதிலாக 2005இல் வந்த 159, ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்த பிரீமியம் அடித்தளத்தில் நின்றது. முகம் இன்றுவரை அழகு. விஷ்போனும் இருந்தது. ஆனால் பெரிய கார்களுக்காகவும் போட்ட அடித்தளம் சின்னக் காருக்குத் தேவையில்லாத இரும்பைச் சுமக்க வைத்தது.

எஸ்.டி.எல்.ஏ லார்ஜும் அப்படித்தான், பெரிய கார்களுக்கும் போட்ட அடித்தளம். அதில் வந்திருக்கும் டாட்ஜ் சார்ஜர் டேடோனா, மின்சார வண்டி, 2,600 கிலோவைத் தாண்டுகிறது. இந்த அடித்தளத்துக்கு அறிவித்த பேட்டரி 85 முதல் 118 கிலோவாட்-மணி வரை. கூடு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 160 வாட்-மணி என்று வைத்தால் சின்னதே 530 கிலோ. தரைக்கு அடியில் கிடப்பதால் ஈர்ப்பு மையம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் டயருக்கு அதெல்லாம் தெரியாது. பேட்டரியோடு 2,100 கிலோ ஆகும் காரைப் பிடிக்க அகல டயர், அகல டயருக்குப் பெரிய சக்கரம், பெரிய சக்கரத்துக்குள் பெரிய டிஸ்க், அத்தனையையும் அடக்கக் கடினமான ஸ்பிரிங். ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும்.

பெட்ரோல் வண்டிக்கு 1,700 கிலோ, திரவங்களோடு. அதற்கு மேல் ஒரு கிலோவும் கூடாது. நான் கேட்பது இதுதான், 700 குதிரைத்திறன் அல்ல.

ஜனவரி 17

இஞ்சின். மூன்று சாத்தியங்கள் கண் முன்னால் இருக்கின்றன.

ஒன்று, இன்றைய 2,891 சி.சி. வி6. சிலிண்டர் விட்டம் 86.5, ஸ்ட்ரோக் 82 மி.மீ., இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் இடையே 90 டிகிரி. தேவையில்லாதபோது ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைக்கும். குரல் அருமை. மாசு விதிகள் அதன் கழுத்தைப் பிடித்திருக்கின்றன.

இரண்டு, மஸராட்டியின் நெட்டூனோ. 2,992 சி.சி., விட்டம் 88, ஸ்ட்ரோக் 82, இதுவும் 90 டிகிரி. சிலிண்டருக்கு மேல் ஒரு சிறு முன்-அறை. அங்கே பற்றும் நெருப்பு துளைகள் வழியாகத் தாரைகளாகப் பாய்ந்து மிச்சக் கலவையை வேகமாக எரிக்கும். மஸராட்டியின் விளையாட்டுக் கார் எம்.சி.20இல் 630 குதிரைத்திறன், அதன் எஸ்.யு.வி. கிரெகாலே டிரோஃபியோவில் 530. கிரெகாலே நிற்பது ஜார்ஜியோவின் வழிவந்த அடித்தளத்தில்தான். ஆகவே இந்த இஞ்சின் அந்த அளவு இடத்தில் அடங்கும் என்பதற்குச் சாட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று, ஸ்டெல்லான்டிஸின் ஹரிகேன். 2,993 சி.சி., ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, விட்டம் 84, ஸ்ட்ரோக் 90. இந்த 84க்கு 90 எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இன்றைய ஜூலியாவின் 1,995 சி.சி. நான்கு சிலிண்டருக்கும் அதே அளவுதான். அதோடு இரண்டு சிலிண்டர் சேர்த்தால் ஹரிகேன். எஸ்.டி.எல்.ஏ லார்ஜில் ஏற்கெனவே பொருந்தியிருப்பதும் இதுவே. அதனால் வரப்போவதும் இதுவாக இருக்கலாம். வந்தால் எடைப் பங்கீடு போச்சு, ஆறு சிலிண்டர் நீளமும் முன் அச்சின் மேல் ஏறி உட்காரும்.

ஜனவரி 18

"பிஎம்டபிள்யூ பல பத்தாண்டுகளாக வரிசை ஆறு சிலிண்டரை வைத்துத்தானே 50:50க்கு அருகில் கொண்டுவருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். நேற்று எழுதியது பாதிதான் சரி.

நீளமான இஞ்சினை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முன் அச்சுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையே தூரம் தாராளமாக இருந்தால், ஆறில் நான்கைந்து சிலிண்டர்கள் அச்சுக்குப் பின்னால் போய்விடும். ஜூலியாவின் உருவமே அந்த நீண்ட பானெட்டும் பின்னுக்குத் தள்ளிய கேபினும்தான். ஆக ஹரிகேனைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து டாஷ்போர்டு வரை உள்ள தூரத்தைச் சுருக்கிப் பின் இருக்கைக்கு இடம் கொடுத்தால்தான் சிக்கல். பின் இருக்கையில் கால் நீட்ட இடம் வேண்டும் என்று கேட்கிறவர்களும் இந்த இழையில் இருக்கிறார்கள். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

தொடக்க மாடலுக்கு கிரெகாலேயில் இருக்கும் 48 வோல்ட் 2.0 லிட்டரே போதும். 300 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர். டர்போ விழித்துக்கொள்ளும் வரை ஒரு மின் கம்ப்ரஸர் காற்றைத் தள்ளிக் கொடுக்கிறது.

ஜனவரி 21

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவே மின் கட்டளை போகும் பிரேக்-பை-வயர் வேண்டாம். பழைய வெற்றிட பூஸ்டருக்கே போகட்டும். கடைசி சில கி.மீ. வேகத்தில் கார் நிற்கும்போது தலை ஆடுகிறது.

ஜனவரி 22

சுருக்கமாக எழுதினால் இப்படித்தான் தப்பாகும்.

ஜூலியாவில் இருப்பது கான்டினென்டல் நிறுவனத்தின் எம்.கே. சி1 என்ற பிரேக்-பை-வயர் அமைப்பு. விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் போட்டது ஜூலியாதான். பெடலை மிதிக்கும்போது கால் உணர்வது ஒரு செயற்கை எதிர்ப்பு. உள்ளே சென்சார் படித்து, மின் மோட்டார் அழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்சாரம் போனால் பெடல் நேராக ஹைட்ராலிக்கைத் தள்ளும். அப்போது கடினமாக மிதிக்க வேண்டும், ஆனால் பிரேக் பிடிக்கும். தானியங்கி அவசர பிரேக்குக்கு மோட்டார் ஏற்றும் அழுத்தம் வெற்றிட பூஸ்டரைவிடச் சீக்கிரம் வரும். புதிய கார் எந்த வடிவில் வந்தாலும் ஏதோ ஓர் அளவுக்கு மின் மோட்டார் இருக்கும். அது சக்தியை மீட்கும்போது பேடின் பங்கையும் மோட்டாரின் பங்கையும் கால் அறியாமல் கலக்க இப்படி ஒரு அமைப்பு இல்லாமல் முடியாது. ஆக இருக்கட்டும். கேட்க வேண்டியது நிற்கும் தறுவாயில் அழுத்தத்தைச் சீராக இறக்கும் மென்பொருள். அது பாகம் மாற்றும் வேலையே இல்லை, அளவு சரிசெய்யும் வேலை.

இப்போதைய வண்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு: பின் பேட் மாற்றும் முன் மின் பார்க்கிங் பிரேக்கைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோங்கள். போகாமல் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் காலிப்பருக்குள் இருக்கும் திருகு அமைப்பு கெட்டுவிடும். பிரேக் திரவம் மாற்றும்போது மேல் டப்பா ஒருபோதும் வற்றக்கூடாது. காற்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்துவிட்டால் கையால் பம்ப் செய்து எடுக்க முடியாது, ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் வால்வுகளைத் திறந்து மூட வைக்க வேண்டும்.

ஜனவரி 25

"குளிரில் முழுசாக ஒடித்துத் திருப்பினால் முன் டயர் குதிக்கிறது, புதிய மாடலில் சரிசெய்வார்களா?" என்ற கேள்விக்கு.

அது பழுதல்ல. இறுக்கமாகத் திரும்பும்போது உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பினால்தான் இரண்டும் ஒரே மையத்தைச் சுற்றும். வேகமான வளைவில் வெளி டயரிடமிருந்து முழுப் பிடியையும் வாங்குவதற்காக இந்த வித்தியாசத்தைக் குறைத்து அமைத்திருக்கிறார்கள். அதனால் பார்க்கிங் வேகத்தில் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைப்பதால் அந்த விடுபடல் குதிப்பாகத் தெரிகிறது. குவாட்ரிஃபோல்யோவின் 245/35 ஆர்19 முன் டயரில் பக்கச்சுவர் குட்டை, வளைந்து கொடுக்காது. குளிர்கால டயர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இல்லையென்றால் கடைசிக் கால் சுற்றைத் தவிர்த்துத் திருப்புங்கள்.

புதிய காரில் இதைச் சரிசெய்யச் சொன்னால் சரிசெய்வார்கள். கூடவே வளைவில் கிடைக்கும் கொஞ்சப் பிடியையும் எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்கமாட்டேன்.

ஜனவரி 25, சற்று நேரம் கழித்து

18 அங்குலச் சக்கரம் எல்லா மாடலிலும் தேர்வாக இருக்கட்டும், உயர்ந்த மாடல் உட்பட. பிரேக் டிஸ்க்கின் விட்டத்தைத் தீர்மானிக்கும்போதே இதை மனத்தில் வைத்தால்தான் நடக்கும். பிறகு கேட்டால் காலிப்பர் இடிக்கும்.

ஜனவரி 29

மின்சாரக் கோளாறுகள். ஜூலியாவின் கெட்ட பெயரில் பெரும்பங்கு இதில்தான். அதிலும் பெரும்பங்கு 12 வோல்ட் பேட்டரி.

வோல்டேஜ் இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றையொன்று காணோம் என்று கூச்சல் போடத் தொடங்கும். ஸ்டியரிங், பிரேக், ஸ்டார்ட்-ஸ்டாப், ஏர்பேக் என்று திரையில் தேர்த் திருவிழா. இஞ்சினைத் திறக்கும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். இரவு முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நலம். 12.3க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ், பிறகு எச்சரிக்கைகளை அழித்துப் பார்ப்பது, மற்றதெல்லாம் அதற்கப்புறம். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாதீர்கள், பாடி எர்த்தில் மாட்டுங்கள். முனையில் இருக்கும் சென்சார் வழியாக மின்சாரம் போனால்தான் எவ்வளவு ஏறியது என்று கார் கணக்கு வைக்கும். மாற்றுவதானால் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏ.ஜி.எம் வகைதான். சாதாரண பேட்டரி ஸ்டார்ட்-ஸ்டாப்பைத் தாங்காது.

புதிய காருக்குக் கோரிக்கை: பேட்டரி டிக்கியிலேயே இருக்கட்டும், எடைப் பங்கீட்டுக்கு நல்லது. ஆனால் பேட்டரி செத்தாலும் சாவி போட்டு டிக்கியைத் திறக்க ஒரு துளை வேண்டும். இந்தக் கோரிக்கைக்கு யாரும் கைதட்டமாட்டார்கள் என்று தெரியும்.

பிப்ரவரி 2

2.0 லிட்டர் இஞ்சினின் வால்வு அமைப்பான மல்ட்டிஏர் பற்றி இரண்டு பேர் கேட்டதால். 2.0 லிட்டரில் ஒரே கேம்ஷாஃப்ட். காற்றை உள்ளே விடும் வால்வுகளைக் கேம் நேராகத் தள்ளுவதில்லை; நடுவில் எண்ணெய் நிரம்பிய அறையும் சோலினாய்டும் இருக்கின்றன. சோலினாய்டு எண்ணெயை விட்டுவிட்டால் வால்வு சீக்கிரம் மூடும், பிடித்துவைத்தால் முழுசாகத் திறக்கும். ஆகவே இந்த இஞ்சினில் எண்ணெய் மசகு மட்டுமல்ல, வால்வைத் தள்ளும் கம்பியும் அதுதான். தடித்துப்போனால், அழுக்கு சேர்ந்தால், அளவு குறைந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் தவறும். பலர் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் மாற்றிவிட்டு அப்புறம்தான் எண்ணெயைப் பார்ப்பார்கள். குறிப்பிட்டது 0டபிள்யூ-30, ஏறக்குறைய 5 லிட்டர். "கொஞ்சம் கெட்டியாக ஊற்றினால் இஞ்சினுக்கு நல்லது" என்ற பழைய யோசனை இங்கே செல்லாது.

புதிய காரில் இது தொடர்ந்தால், கையால் இழுத்துப் பார்க்கும் எண்ணெய்க் கம்பி ஒன்று வேண்டும். திரை சொல்வதை மட்டும் நம்பி ஓட்டும் இஞ்சின் அல்ல இது.

பிப்ரவரி 3

கேபின். கேள்வி கேட்டவர் பெரிய திரை கேட்டார். வையுங்கள், ஆனால் ஏசிக்குத் தனிப் பொத்தான்களை விட்டுவையுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் நீண்ட அலுமினிய கியர் இதழ்கள் ஸ்டியரிங்கோடு சுற்றக்கூடாது, இப்போது போலவே தூணில் நிலையாக நிற்க வேண்டும். 11.8 விகிதத்தில் பெரும்பாலான வளைவுகளுக்குக் கையை மாற்றிப் பிடிக்கவே வேண்டாம் என்பதால் இதழ் எப்போதும் விரலுக்கு எட்டும். விகிதத்தை 14 ஆக்கினால் இதுவும் பயனற்றுப் போகும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழும்.

ஓட்டும் நிலையைத் தேர்ந்தெடுக்கும் டி.என்.ஏ திருகியில் ஒரு விஷயத்துக்கு நடுப்படி இல்லை. சாதாரண மாடலில், கார் சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கவே முடியாது. குவாட்ரிஃபோல்யோவில் ரேஸ் நிலைக்குப் போனால் முழுசாக அணைந்துவிடும். ஒன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் நடுக்கடலில். சறுக்கலைக் கொஞ்சம் அனுமதித்துப் பிறகு பிடிக்கும் ஒரு நிலை வேண்டும். அதற்குப் புதிய பாகமே தேவையில்லை, மென்பொருள் எழுதினால் போதும்.

பிப்ரவரி 7

இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃப்ரன்ஷியல் விட்டுப்போனது. முதலில் குவாட்ரிஃபோல்யோவில் இருந்தது இரண்டு கிளட்ச் வைத்த மின்கட்டுப்பாட்டு வகை. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டார்க் அனுப்பும். 2023 மாற்றத்தில் அதை எடுத்துவிட்டு ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைத் தடுக்கும் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் போட்டார்கள். பின்னோக்கிப் போவது போலத் தெரிந்தாலும் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிகிறது. சூடேறிய கிளட்ச் நடுவில் மனம் மாறாது. அடுத்த காரிலும் இதுவே.

பிப்ரவரி 8

மேனுவல் கியர் கேட்கிறவர்களுக்கு. இருந்தது. தொடக்கத்தில் குவாட்ரிஃபோல்யோ 6 கியர் மேனுவலோடும் வந்தது. நூர்பர்க்ரிங்கில் அதன் நேரம் 7 நிமிடம் 39 விநாடி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் 7:32. ஏழு விநாடிகளுக்காக யாரும் மேனுவலை வெறுக்க மாட்டார்கள், ஆனால் வாங்குகிறவர்கள் ஆட்டோமேட்டிக்கையே வாங்கினார்கள்.

பிப்ரவரி 15

ஒரு திருத்தம். ஜனவரி 16 குறிப்பில் 1,700 கிலோவுக்கு மேல் ஒரு கிலோவும் கூடாது என்று எழுதியதில் நான்கு சக்கர இயக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. முன் டிஃப்ரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்தால் சில பத்துக் கிலோ கூடும், அதுவும் முன் அச்சின் மேல். ஆகவே 1,700 என்பது பின் சக்கர இயக்கத்துக்கு. நான்கு சக்கர இயக்கத்துக்கு 1,770 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

நம்பர் பிளேட் ஓரத்திலேயே இருக்கட்டும். நடுவில் அந்த முக்கோணக் கிரில் இருக்கும்போது வேறு எங்கேதான் வைப்பது.